இரண்டு முனையிலும் பெயர்

எத்தனை நாளாக அந்தப் புள்ளி சிமிட்டிக்கொண்டிருந்ததோ, ஜெசிந்தா இன்றுதான் பார்த்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டு முடித்து, சமையலறைச் சன்னலோரத் தட்டிலிருந்து டப்பாக்களை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். மல்லித்தூள் டப்பா மறைத்துக்கொண்டிருந்த இடத்தில், சுவரில் செருகியிருந்த வெள்ளைப் பிளக்கின் பக்கவாட்டில், கடுகளவு நீல வெளிச்சம் வருவதும் போவதுமாக இருந்தது. அது அசையாமல் நிற்க வேண்டிய புள்ளி. நின்றால் வீட்டு வைஃபையோடு சேர்ந்திருக்கிறது, சிமிட்டினால் தேடிக்கொண்டிருக்கிறது என்று ரெமிஜியுஸ் அதை மாட்டிய அன்றே சொல்லியிருந்தான். அவன் கப்பலில் மின்சாரப் பிரிவு அதிகாரி. எந்த வெளிச்சத்துக்கு என்ன அர்த்தம் என்று மனைவிக்குச் சொல்லாமல் வீட்டில் ஒரு பொருளை வைக்கமாட்டான். பிளக்கிலிருந்து போன ஒயர் மேல்தட்டில் ஒரு காப்பித்தூள் பாட்டிலுக்குள் முடிந்தது. மூடியில் துளை போட்டு, உள்ளே ஒரு சின்ன மஞ்சள் பல்ப் வைத்து, விளக்கு மாதிரி அவனே செய்தது. கப்பல் ஏதாவது ஒரு கரையை நெருங்கிப் போனில் சிக்னல் வந்ததும் அவன் அங்கிருந்து போன் திரையில் ஒரு வட்டத்தைத் தொடுவான். இங்கே தூத்துக்குடியில், இந்த மாடிவீட்டுச் சமையலறையில், பாட்டில் மஞ்சளாகும். வந்துவிட்டேன் என்று அர்த்தம். பேச்செல்லாம் பிறகு. பதினோரு நாளாக அது எரியவில்லை. ஏன் எரியவில்லை என்று தனக்குத் தெரியும் என அவள் நினைத்திருந்தாள்.

நீங்க இல்லாமலும் வீடு ஓடத்தான் செய்யுது. அவள் சொன்ன வாக்கியம்தான். பதினோரு நாளாகச் சோற்றில் கல் மாதிரி, எந்தப் பக்கம் மென்றாலும் பல்லில் வந்து நின்றது. ஒப்பந்தத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டியிருக்கிறேன் என்று அன்று போனில் சொன்னான். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னான். திருவிழாவுக்கு வந்துவிடுவான் என்று அவள் சன்னலுக்குப் புதுத் திரைத்துணி எடுத்து, பின்னும் ஊசியும் குத்தி, ஓரம் அடிக்காமல் நாற்காலியில் போட்டிருந்தாள். அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. பரிசோதனை முடிவு வாசிப்பது போல் சொன்னாள். சரி ஜெசி, என்றான். வைத்துவிட்டான். பிறகு கப்பல் கடலில் இருந்தது, சிக்னல் இல்லை, விளக்கு எரியாது, அது தெரிந்ததுதான். ஆனால் முந்தாநாள் அவன் சிங்கப்பூர் வந்துவிட்டான். வந்தும் விளக்கு எரியவில்லை. போனில் ஒரு செய்திதான் வந்தது. சிங்கப்பூர் வந்தாச்சு. இரண்டே சொல். இந்த விளக்கு வந்த மூன்று வருஷத்தில் வந்தாச்சு என்பதை அவன் எழுத்தில் எழுதியதே இல்லை; ஏஜென்ட் ஆபீசுக்கு எழுதுகிற மாதிரி எனக்கு எழுதுகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. ம் என்று பதில் போட்டாள். ஒரே எழுத்து. இப்போது, கையில் ஈரத்துணியோடு, நீலப்புள்ளி சிமிட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில்தான், ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. நெட் கம்பெனிக்காரர் பழைய ரவுட்டரை எடுத்துவிட்டுப் புதிதை மாட்டிப் போனது போன புதன்கிழமை, ஒன்பது நாள் ஆகிறது. அன்றிலிருந்து பிளக் பழைய பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் முந்தாநாள் ரெமி முதலில் விளக்கைத்தான் தொட்டிருப்பான். அவன் போனில் அந்த வட்டம் சாம்பல் நிறமாக, இணைப்பில் இல்லை என்று காட்டியிருக்கும். மறுபடி தொட்டிருப்பான். அவன் ஒன்றை மூன்று தரம் பார்க்கிறவன். பிறகு என்ன நினைத்திருப்பான்? நீங்க இல்லாமலும் வீடு ஓடத்தான் செய்யுது என்று சொன்னவள் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள் என்று நினைத்திருப்பான். நினைத்துக்கொண்டே, அப்படியும் ஒரு தரம் பார்ப்போம் என்று, எழுத்தில் எழுதியிருப்பான். அதற்கு அவள் போட்ட பதில், ம்.

கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் பக்கத்தைப் போனில் திறந்தாள். மாலுமி வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் அது தெரியும். சிலர் ஜெபமாலையைவிட அதிக தரம் அதைத் தொடுவார்கள். பச்சை நிறத்தில் ஒரு சின்ன அம்பு, சிங்கப்பூருக்கு வெளியே, நங்கூரம் போட்டு. கிளம்பும் நேரம் நம் கணக்கில் மாலை ஐந்து. அடுத்த துறைமுகம் பிரேசில், இருபத்தாறு நாள். அது பழைய கப்பல்; நடுக்கடலில் கேப்டனின் மின்னஞ்சலைத் தவிர வேறு எதுவும் போகாது, வராது. கிளம்பியபின் கரை சிக்னல் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் தாங்கும். இப்போது மூன்று அடிக்க எட்டு நிமிஷம். பிளக் வேலை செய்யல என்று எழுதினாள். அழித்தாள். ரவுட்டர் மாத்தினதால, என்று ஆரம்பித்தாள். அழித்தாள். எழுதினால் என்ன ஆகும், அவனுக்குப் புரியும், அது போதாதா என்று ஒரு குரல் கேட்டது. போதாது. எழுதினால் விளக்கைப் போடு என்று கேட்டது போலாகிவிடும். கேட்டு வாங்குகிற வெளிச்சத்தை அவர்கள் இருவரும் ஒருநாளும் கொடுத்ததில்லை, வாங்கியதில்லை.

கல்யாணமான புதிதில் ஒற்றை அறையும் சமையலறையுமாக ஒரு வாடகை வீடு. எதற்கோ சண்டை, எதற்கென்பது இருவருக்குமே மறந்துவிட்டது. சாயந்திரம் ஆகியும் விளக்குப் போடாமல் அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். ரெமி வந்தான். சுவிட்சைத் தட்டிவிட்டு அறைக்குத் திரும்பிப் போய்விட்டான். அந்த வெளிச்சத்தில் அடுப்பு, பால் பாத்திரம், கழுவாத தம்ளர், எல்லாம் இருந்த இடத்திலேயே இருப்பதைப் பார்த்ததும் அவளுக்குச் சண்டையின் முனை மழுங்கிப்போயிற்று. எழுந்து டீ போட்டாள். ஒரு தம்ளருக்குத்தான் பால் ஊற்றினாள். பிறகு இன்னொரு தம்ளருக்கும் ஊற்றினாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. யார் இறங்கி வருகிறார்களோ அவர் மற்றவர் இருக்கிற இடத்தில் விளக்கைப் போட வேண்டும். பகலானாலும் போட வேண்டும். மன்னிப்பு என்ற பேச்சு கிடையாது. அதை யாரும் வகுத்துச் சொல்லவுமில்லை. அவன் எத்தனையோ தரம் போட்டிருக்கிறான். அவள் போட்டது இரண்டு தரம், மூன்று என்றால் மூன்றாவது சந்தேகம், அது அவள் சாமான் தேடப் போட்டதாக இருக்கலாம். இந்தப் பிளக்கை வாங்கி மாட்டினதே, கடலில் இருந்துகொண்டு எப்படிச் சண்டையை முடிப்பது என்ற கேள்விக்கு அவன் கண்டுபிடித்த பதில்தான்.

பிளக் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அழைத்தாள். இசை, மறுபடி இசை, பிறகு ஒரு பெண் குரல். சோர்வான, ஆனால் பொறுமையான குரல். கேட்டதற்கெல்லாம் ஜெசிந்தா ஒழுங்காகப் பதில் சொன்னாள். நோயாளியிடம் கேள்வி கேட்கிறவள் அவள், கேள்வியின் அருமை தெரியும். மேடம், பக்கத்துல ஒரு பட்டன் இருக்கும், அதை அஞ்சு செகண்ட் அழுத்திப் பிடிங்க, எல்லாம் அழிஞ்சி புதுசாயிடும், என்றது குரல். எல்லாம்னா, என்று கேட்டாள்.

“பழைய நெட்டு, பழைய போனு, பழைய ஆளு, எல்லாமே மேடம். பிளக்கு யார் பேர்ல இருந்தாலும் போயிடும். உங்க பேர்ல புதுசா ஏத்திக்கலாம்.”

பழைய ஆளு. ஜெசிந்தாவின் கட்டைவிரல் அந்தப் பட்டன்மேல்தான் இருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூட மனம் ஆரம்பித்திருந்தது, விரலை எடுத்துக்கொண்டாள். பிளக் ரெமியின் பேரில் இருக்கிறது. அழித்தால் அவன் போனிலிருந்து அந்த வட்டமே போய்விடும். சாம்பலாக இருப்பதாவது ஏதோ கோளாறு என்று தோன்றலாம். ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தை எப்படிப் புரிந்துகொள்வான்? அழிக்காமல் வழியில்லையா என்று கேட்டாள். இருக்கிறது, ஆனால் பழைய பாஸ்வேர்டு வேண்டும் என்றது. பிளக்குக்குத் தெரிந்ததெல்லாம் பழைய ரவுட்டரின் பெயரும் பாஸ்வேர்டும்தான். புது ரவுட்டருக்கு அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் ஓர் எழுத்து பிசகாமல் வைத்துவிட்டால், பழைய இடம் என்று நம்பி அதுவே வந்து சேர்ந்துகொள்ளும். இன்னொன்று, புது ரவுட்டர் இரண்டு விதமான அலை அனுப்பும், வேகமானது ஒன்று, தூரம் போவது ஒன்று. இந்தப் பிளக்குக்குத் தூரம் போவது மட்டும்தான் தெரியும், ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, தூரம் போவதற்குப் பழைய பெயரை வையுங்கள். ஜெசிந்தா எல்லாவற்றையும் பால் பாக்கெட் உறையின் மேல் எழுதிக்கொண்டாள். தூரம் போவது என்பதன் கீழ் ஒரு கோடு போட்டாள்.

பெயர் தெரியும். மாடி என்று ஆங்கில எழுத்தில் வைத்திருந்தான். பாஸ்வேர்டுதான் தெரியாது. அதை யாரும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. வீட்டிலும் கீழ்வீட்டிலும் எல்லோர் போனிலும் அவனே போட்டுக் கொடுத்திருந்தான். பழைய பெட்டியின்மேல் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியுமிருந்தான். பெட்டியைக் கம்பெனிக்காரர் எடுத்துப் போய்விட்டார். போவதற்கு முன்னால் எல்லோர் போனையும் வாங்கி, பழைய பெயர் இருந்தால் போன் அதையே தேடிக்கொண்டிருக்கும் என்று சொல்லி, அழித்துக் கொடுத்துவிட்டும் போனார். எவ்வளவு சுத்தமான வேலைக்காரர் என்று அவள் அன்று மெச்சிக்கொண்டாள், டீ கொடுத்தாள். பாஸ்வேர்டு வைத்த அன்று ரெமி சொன்ன ஒன்று மட்டும் ஞாபகமிருந்தது. எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாதாம், எனக்குச் சரியா எட்டு வந்துட்டு, என்றான். என்ன என்று அவள் கேட்டிருக்கலாம். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. அவனும் ஒரு நொடி நின்று பார்த்தான், கேட்பாள் என்று நின்றான் போல, பிறகு போய்விட்டான். எத்தனை தரம் அப்படி நின்றிருக்கிறான், எத்தனை தரம் மீன் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன்?

போனில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, பழைய பெயரை வைத்து, பாஸ்வேர்டாக முதலில் கல்யாணத் தேதியைப் போட்டாள், நாள் மாதம் வருஷம், எட்டு எண். ரவுட்டர் அணைந்து, யோசித்து, மறுபடி எரிய இரண்டு நிமிஷம் ஆனது. அந்த இரண்டு நிமிஷமும் சமையலறை வாசலில் நின்று புள்ளியைப் பார்த்தாள். சிமிட்டல், இருட்டு. பரிசோதனை நிலையத்தில் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் நிற்பதற்கு இப்படித்தான் காத்திருப்பாள். நின்றால் ரத்தம் இரண்டாகப் பிரிந்திருக்கும், மேலே தெளிந்தது, கீழே அடர்ந்தது. மனிதர்களை அப்படிச் சுழற்றிப் பார்க்க முடிந்தால் ரெமியில் மேலே என்ன வரும்? சிமிட்டல்தான். இல்லை. எழுத்து என்றல்லவா சொன்னான், எண் என்று சொல்லவில்லையே. தன் பெயரை ஆங்கிலத்தில் விரல்விட்டு எண்ணினாள். எட்டு! வெட்கமாகக்கூட இருந்தது, சமையலறையில் தனியாக நிற்பவளுக்கு. என் பெயரா, அதைச் சொல்லத்தான் நின்றானா? தட்டினாள். அணைந்தது, யோசித்தது, எரிந்தது. சிமிட்டல், இருட்டு, சிமிட்டல், இருட்டு. அவள் பெயர் இல்லை. இவ்வளவு சின்ன விஷயம் இவ்வளவு வலிக்கலாமா என்று ஆச்சரியப்பட்டாள். பிறகு அவன் முதல் கப்பலின் பெயரைப் போட்டாள், ஓர் எழுத்து கூடி ஒன்பதாயிற்று, இருந்தாலும் போட்டாள். அவனுடைய அம்மாவின் பெயரைப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிஷம். நான்கு மணி தாண்டிவிட்டது. ஒரு ஆளோடு பதினான்கு வருஷம் இருந்துவிட்டு, அவன் மனதில் எட்டு எழுத்து என்ன என்று தெரியாமல் நிற்கிறேன்.

மாடிப்படியில் இமெல்டா மதினியின் செருப்புச் சத்தம் கேட்டது. ரெமியின் அண்ணன் மனைவி, கீழ்வீடு. நெட் இரண்டு வீட்டுக்கும் பொது. வாசற்படியில் நின்றே ஆரம்பித்தாள்.

“என்னட்டி செய்த மேல? நாலு தரம் போயிட்டு வந்துட்டு. உங்க அத்தான் கீழ டி.வி.ய முறைச்சிக்கிட்டு உக்காந்திருக்காவ. கடைசி ஓவராம். நான்தான் பந்தை ஒளிச்சு வச்ச மாதிரி என்னையும் முறைக்காவ.”

இந்த பிளக்கு சேரமாட்டேங்குது மதினி, என்றாள் ஜெசிந்தா. விளக்கைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் மதினி பாட்டிலைப் பார்த்தாள், பிளக்கைப் பார்த்தாள், பிறகு ஜெசிந்தாவின் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். மாலுமி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான் அவளும். அத்தான் கடலைவிட்டு வந்து ஐந்து வருஷம்தான் ஆகிறது.

“பிடுங்கித் திருப்பிக் குத்துட்டி. எங்க மிக்சிக்கும் அதான் வைத்தியம், உங்க அத்தானுக்கும் அதான் வைத்தியம்,” என்றாள். இறங்கிப் போகையில், கடைசி ஓவர் போனாப் போகட்டும், அத்தான்ட்ட நான் சொல்லிக்கிடுதேன், நீ பாரு, என்று குரலைத் தணித்துச் சொன்னாள்.

பிடுங்குவது. அதை மட்டும் செய்யாதே என்றுதான் சொல்லியிருந்தான். இது எப்பவும் செருகியே இருக்கணும் ஜெசி, பிடுங்கினா எனக்கு அங்க இருட்டு. வெள்ளையடிக்க வந்தவர்களைக்கூட அவள் சுற்றித் தாள் ஒட்டி அடிக்க வைத்தாள். மூன்று வருஷத்தில் அது சுவரைவிட்டு வெளியே வந்ததில்லை. பிடுங்கிவிட்டாள் என்று அவன் அங்கே நினைத்துக்கொண்டிருக்கிறபோது இங்கே நிஜமாகவே பிடுங்குவதா? கை போகவில்லை. மிக்சியின் ஒயரைப் பார்த்தாள். அதன் முனையில், பிளக்குக்கு ஒரு விரற்கடை கீழே, வெள்ளை நாடாவில் கட்டம் கட்டமான எழுத்தில் ரெமி ஒட்டியிருந்தான்: மிக்சி. மோட்டார் ஒயரில் மோட்டார். இன்வெர்ட்டரில் மூன்று சீட்டுகள். வேலைப் பழக்கம். கப்பலில் ஆயிரக்கணக்கான ஒயர் ஒரே சுவருக்குள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனையிலும் பெயர் எழுதிக் கட்டியாக வேண்டும். ஒரு முனையில மட்டும் எழுதினா அது பாதிப் பேருதான் ஜெசி, அறுந்தா எது எங்க போச்சுன்னு யாருக்குத் தெரியும் என்பான். வைஃபை பெட்டியில் சீட்டு ஒட்டிய அன்று அவள் கேலி செய்தது நினைவுக்கு வந்தது. இதுக்குத்தான் ஒயரே இல்லையே, இதுக்கு எங்க ரெண்டு முனை? அதுக்கும் உண்டு என்றான் அவன். ஒட்டியாச்சு, என்றான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. இரண்டு முனை. பெட்டி ஒரு முனை. ஒயரில்லாத ஒயரின் இன்னொரு முனை.

சுவரோடு ஒட்டியிருந்த பிளக்கை இரண்டு விரலால் பற்றினாள். மூன்று வருஷ இறுக்கம். அசைத்து அசைத்து இழுக்க வேண்டியிருந்தது. கையோடு வந்தபோது நீலப்புள்ளி அணைந்தது. மன்னிச்சிரு என்று யாரிடமோ சொன்னாள். திருப்பினாள். பின்பக்கம், மூன்று ஊசிக்கால்களுக்குக் கீழே, தூசி படாமல், நேற்று ஒட்டியது போல் வெள்ளை நாடா. முதல் வரி, மாடி. இரண்டாம் வரி, ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல்: rendutea. ரெண்டு டீ. விரல்விட்டு எண்ணினாள். எட்டு.

அந்த வாடகை வீட்டின் அடுப்பு, ஒரு தம்ளருக்கு ஊற்றிவிட்டு இன்னொரு தம்ளருக்கும் ஊற்றிய பால். அப்படியானால் அவன் அன்று அறைக்குப் போகவில்லை. வாசலில் நின்று பார்த்திருக்கிறான். விளக்கைப் போட்டு இறங்கி வந்தது அவன் என்று அவள் இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள். அவனோ அன்று இறங்கி வந்தது அவள் என்று நினைத்து, அதை எட்டு எழுத்தாக்கி, வீட்டைப் பூட்டிவைத்திருக்கிறான். கீழ்வீட்டுக்காரர்கள்கூட அதைத் திறந்துதான் கிரிக்கெட் பார்த்திருக்கிறார்கள். பிளக்கைத் திரும்பச் செருகினாள். எழுத்துகளை ஒவ்வொன்றாக, வாய்விட்டுச் சொல்லி, தட்டினாள். ரவுட்டர் அணைந்தது. கீழேயிருந்து அத்தானின் முனகல் கேட்டது. இரண்டு நிமிஷம். சிமிட்டல், இருட்டு, சிமிட்டல், இருட்டு, சிமிட்டல். பிறகு இருட்டு வரவில்லை. புள்ளி நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், நின்றபடியே நின்றது. நேரம் ஐந்தாக எட்டு நிமிஷம்.

விளக்கு எரியவில்லை. ஏன் எரியப் போகிறது? அவன் தொட்டால்தானே எரியும். கப்பல் கிளம்புகிற நேரத்தில் அவன் கீழே, இரைச்சலுக்குள், மின்பலகை முன்னால் நிற்பான். போன் அறையில் கிடக்கும். வேலை முடிந்து மேலே வர ஆறு ஆகும். வந்தாலும் அந்த வட்டத்தைத் திறந்து பார்ப்பானா, இரண்டு நாளாகச் சாம்பலாகக் கிடந்ததை? ம் என்று பதில் வாங்கியவன் மறுபடி ஏன் பார்க்க வேண்டும்? நானாயிருந்தால் பார்ப்பேனா? பார்க்கமாட்டேன். அவன் ஒன்றை மூன்று தரம் பார்க்கிறவன். ஆனால் அந்த மூன்று தரமும் முந்தாநாளே தீர்ந்திருந்தால்? பச்சை அம்பு நகர ஆரம்பித்திருந்தது, ஒரு மயிரிழை. அவள் சன்னலைத் திறந்தாள், உப்பு வாடை வந்தது, மூடினாள். நாற்காலியில் கிடந்த திரைத்துணியை எடுத்து ஓரத்தை மடித்துப் பார்த்தாள், வைத்தாள். நீ போட்டாலும் எனக்குத் தெரியும் ஜெசி என்று சொல்லியிருந்தான், மாட்டிய அன்று. இங்க என் போன்ல வட்டம் மஞ்சளாயிரும். அவள் போட்டதே இல்லை. சமையலுக்கு டியூப் லைட் இருந்தது. அந்தப் பாட்டில் அவன் போட, அவள் பார்க்க என்றே இருந்தது. மூன்று வருஷமாக அவன் கையில் அந்த வட்டம் தானாக ஒரு தரம்கூட மஞ்சளானதில்லை. எத்தனை துறைமுகம், எத்தனை தரம் பார்த்திருப்பான்.

ஆறு மணிக்கு வீடு மங்கியது. டியூப் லைட்டைப் போடவில்லை. பிளக்கின் பட்டனை, அழித்துவிடும் என்று மத்தியானம் பயந்த அதே பட்டனை, ஒரே ஒரு தரம், லேசாக அழுத்தி எடுத்தாள். உள்ளே டக்கென்று சின்ன சத்தம். பாட்டில் மஞ்சளானது. அடுப்பு, பால் பாத்திரம், துடைத்து அடுக்காத டப்பாக்கள், எல்லாம் இருந்த இடத்தில் தெரிந்தன. பாலை ஊற்றினாள். தண்ணீர் சேர்த்தாள், அளவு பார்க்காமலே இரண்டு தம்ளருக்குச் சேர்த்தாள், பிறகு பார்த்து, இருக்கட்டும் என்று விட்டாள். ஆறு பதினைந்து. அம்பு கரையைவிட்டு விலகிக்கொண்டிருந்தது. தேயிலை கொதித்தது. ஆறரை. இன்னும் அரைமணி நேரம் சிக்னல் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். இருபத்தாறு நாள் இந்த விளக்கை அணைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். பல்ப் தாங்குமா என்று நினைத்தாள். இரண்டு தம்ளரிலும் வடிகட்டி, ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, சமையலறைத் தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள்.

விளக்கு அணைந்தது.

பதறித் தலையைத் திருப்பினாள். நீலப்புள்ளி சிமிட்டவில்லை. நிலையாக நின்றது. கீழ்வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, மின்சாரம் இருந்தது, அவள் கை மடியில் இருந்தது. அவள் எதையும் தொடவில்லை. எரிகிற விளக்கை அங்கிருந்து போட வேண்டுமென்றால், முதலில் அணைத்தாக வேண்டும். தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, அந்த இருட்டிலேயே, அடுத்த டக் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு, அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.